கழிப்பதற்கு முன் அலமாரியைப் பாருங்கள்

கல்லூரி நூலகத்தில் இடம் போதவில்லை என்ற பேச்சு வந்தாலே எல்லாருடைய பார்வையும் பைண்டு செய்த பழைய ஆய்விதழ்கள் மீதுதான் விழும். பல வருடமாக யாரும் தொடாதவை, ஆன்லைனிலும் கிடைப்பவை. அப்புறம் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?

அப்படி ஓர் ஆய்விதழ் வரிசையைக் கழிக்க, அதாவது நூலகத்திலிருந்தே நீக்க, நானும் கையெழுத்துப் போடப் போனேன். எந்த நூலகத்தில் எது இருக்கிறது என்று காட்டும் கூட்டுப் பட்டியலின்படி வேறு இரண்டு நூலகங்களில் அது முழுமையாக இருந்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். ஒரு நூலகத்தார் எங்களிடம் இருப்பதை நம்பி ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். பட்டியலில் மட்டும் நீக்கவில்லை. இன்னொன்றில் நடுவில் ஆறு இதழ்கள் இல்லை. ஆக, அவர்கள் எங்களை நம்ப, நாங்கள் அவர்களை நம்ப, கடைசிப் பிரதியே போயிருக்கும்.

யார் எந்தப் பிரதியை வைத்திருப்பது என்று நூலகங்கள் சேர்ந்து முடிவுசெய்யும் கூட்டுச் சேமிப்பு இதற்காகத்தான். பிரிட்டனில் 2007இல் தொடங்கிய யூகே ரிசர்ச் ரிசர்வ் திட்டத்தின் கணக்கு எளிமையாக இருந்தது: பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பிரதி, உறுப்பு நூலகங்களில் இரண்டு. அந்த மூன்றும் உறுதியான பிறகுதான் மற்றவர்கள் கழிக்க முடிந்தது. பின்லாந்தில் 1989 முதல் குவோப்பியோ நகரில் இதற்கென்றே ஒரு தேசியக் கிடங்கு நூலகம் இயங்கியது. ஹார்வர்டு 1986இல் திறந்த கிடங்கில் நூல்களைப் பொருள்வாரியாக அல்ல, உயரம் பார்த்து அடுக்குகிறார்கள். பொருள்வாரியாக நூலுக்குத் தரும் வகைப்பாட்டு எண்ணிலேயே வாழ்ந்த நூலகர்களான நமக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் இடம் மிச்சமாகும். பார்கோடு பார்த்துத்தான் எடுக்க முடியும் என்பதால், தட்டு மாறி வைத்த தொகுதி தொலைந்ததற்குச் சமம்.

'முழுத் தொகுப்பு' என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பைண்டு செய்யும்போது அட்டைகளையும் விளம்பரங்களையும் கிழித்துப் போடுவது வழக்கம். இணைப்பிதழ்கள் தனியாகப் போய்விடும். படத்தாளை யாராவது பிளேடால் அறுத்திருப்பார்கள். இதழ் பெயர் மாறியிருந்தால், பழைய பெயரில் வந்தவை பட்டியலில் வேறெங்கோ இருக்கும். ஸ்கேனும் தப்பவில்லை: மடித்த வரைபடத்தை விரிக்காமலே எடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தா நின்றால் அந்த ஸ்கேனைத் திறக்க முடியுமா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பக்கம் பக்கமாகச் சரிபார்க்க ஆள் இல்லை என்பார்கள். சரி, இதழ் எண்களையாவது பாருங்கள். பிரதியை வைத்திருக்கப்போகிறவர் எத்தனை வருடம் வைத்திருப்பார், கேட்டால் எத்தனை நாளில் அனுப்புவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் வரிசை கழிபடவில்லை. அந்த ஆறு இதழ்களும் எங்களிடம் இருந்தன. இரண்டாவது நூலகம் தன் தொகுதிகளைக் கழித்துக்கொண்டது, நாங்கள் வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்த பிறகு.