இடது மரை

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றிலிருந்து காலையிலேயே அழைப்பு. "அண்ணா, டார்ச்சுல கேஸ் வாசம் வருதுங்க. எவ்வளவு இறுக்கினாலும் நிக்கல." போய்ப் பார்த்தேன். வெள்ளி பற்றவைக்கும் அந்தத் தீக்குழலின், அதாவது டார்ச்சின், கைப்பிடி அடியில் இரண்டு பித்தளை நட்டு. ஆக்சிஜன் பக்கத்து நட்டு ஆறு முனையும் கூராக, புதிதுபோல இருந்தது. கேஸ் பக்கத்து நட்டுக்கு முனையே இல்லை. கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டு போயிருந்தது. அதன் மேல் கட்டிங் பிளேயரின் பல் தடம் வரிவரியாக. போதாததற்கு ஏழெட்டுச் சுற்று டெஃப்லான் டேப், காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல.

பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். "நீ எந்தப் பக்கம் திருப்பி இறுக்கினாய் தம்பி?" என்று கேட்டேன். வலப்பக்கம் திருப்பிக் காட்டினான். உலகத்தில் எல்லா நட்டும் அப்படித்தானே இறுகும்! ஆனால் இது இடது மரை. அவன் இறுக்குவதாக நினைத்த ஒவ்வொரு முறையும் கழற்றிக்கொண்டிருந்தான். கசிவு கூடக் கூட பிளேயரை இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறான்.

இருபது வருடத்துக்கு மேலாக ரெகுலேட்டர், டார்ச், பர்னர் இவற்றைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் பார்த்த கேஸ் கோளாறுகளில் பெரும்பாலானவை தேய்மானத்தால் வந்தவை அல்ல. கண்டுபிடித்தவர்கள் யோசித்து வைத்த ஒரு தடையை நம் ஆட்கள் இடைஞ்சல் என்று நினைத்துத் தாண்டியதால் வந்தவை. இந்த இடது மரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டிலின், எல்பிஜி, ஹைட்ரஜன் மாதிரி எரியும் வாயுக்களின் இணைப்புக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது. அவசரத்தில், இருட்டில், யார் மாட்டினாலும் ஒன்றின் ஹோஸ் மற்றொன்றில் ஏறவே கூடாது, அதற்காகத்தான். அடையாளமும் வைத்திருக்கிறார்கள்: இடது மரை நட்டின் முனைகளில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். பையன் பிளேயரால் மழுக்கியதில் முதலில் போனது அந்த வெட்டுதான்.

டெஃப்லான் டேப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை இணைப்பில் கசிவை நிறுத்துவது மரை அல்ல. உள்ளே உருண்டையான ஒரு பித்தளை மூக்கு, சாய்வான குழியில் போய் உட்காருகிறது. உலோகத்தோடு உலோகம் உட்காரும் அந்த வளையம்தான் அடைப்பு. நட்டின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டும். மரையில் எத்தனை சுற்று டேப் போட்டாலும் பயன் இல்லை. சில சமயம் அந்த டேப்பாலேயே நட்டு முழுதாக ஏறாமல் மூக்கு சரியாக உட்காராமல் போகும். மூக்கைத் துடைத்து, கீறல் இருக்கிறதா பார்த்து, சரியான அளவு ஸ்பேனரால் ஒரு நிதானமான இழுப்பு. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு நட்டையும் மூக்கையும் மாற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீர் போட்டேன். ஒரு குமிழ் இல்லை.

அந்தப் பட்டறையின் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதித்தான் பற்றவைப்பார்களாம். 'பொடி வைத்து ஊதுவது' என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அது இந்தத் தொழிலிலிருந்து போனதுதான் என்பார்கள். "மூச்சுதான் எங்களுக்கு ரெகுலேட்டர்" என்றார். உண்மைதான். தீ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஊதத் தெரிந்த கன்னம் அது. இன்றைக்கு அந்தக் கன்னத்தின் வேலையை ஒரு ரப்பர்த் தகடும் ஒரு ஸ்பிரிங்கும் செய்கின்றன.

ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பி வரும்போது உள்ளே ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு கிலோ சொச்சம். அந்த 150-ஐ டார்ச் தாங்கும் இரண்டு மூன்று கிலோவாக இறக்குவது ரெகுலேட்டர். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. நடுவில் டயாஃப்ரம் என்ற தகடு. அதற்கு மேல் ஸ்பிரிங், கீழே சின்ன வால்வு. திருகை உள்ளே ஏற்றினால் ஸ்பிரிங் தகட்டை அழுத்தும், வால்வு திறக்கும், வாயு வரும். வந்த வாயுவின் அழுத்தம் கூடினால் அதுவே தகட்டை மேலே தள்ளி வால்வை மூடும். கரண்டு வேண்டாம், ஆள் வேண்டாம். தானே பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். குழாயை வலப்பக்கம் திருகினால் மூடும். ரெகுலேட்டர் திருகை வலப்பக்கம் திருகினால் திறக்கும். மூடுவதாக நினைத்து இறுக்கி வைத்துவிட்டு மறுநாள் காலை சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறப்பவர்கள் உண்டு. 150 கிலோ அழுத்தம் ஒரே நொடியில் சின்ன இடத்துக்குள் பாயும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடி சுடுகிறதே, அதே சூடுதான், பல நூறு டிகிரிக்கு. அந்தச் சூட்டில், சுத்த ஆக்சிஜனில், உள்ளே துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆக்சிஜன் ரெகுலேட்டருக்கு எண்ணெய் போடாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறோம். 'மரை இறுகலாக இருந்தது, ஒரு சொட்டு விட்டேன்' என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, சொல்வதற்கு அவர்கள் இருந்தார்கள். திருகை முழுதாகத் தளர்த்திவிட்டு, முகப்புக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

ரெகுலேட்டர் கெட்டுவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். அழுத்தத்தை வைத்துவிட்டு டார்ச்சின் இரண்டு வால்வையும் மூடுங்கள். வெளிப்பக்கக் கேஜின் ஊசியை ஐந்து நிமிடம் கவனியுங்கள். வைத்த இடத்திலேயே நின்றால் சரி. எறும்பு ஊர்வதுபோல மேலே ஏறிக்கொண்டே போனால் உள்ளே வால்வு முழுதாக மூடவில்லை, தூசியோ கீறலோ இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வாயுவைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்றால் பட்டறையில் யாரும் நம்புவதில்லை. 1912-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு சுவீடனின் குஸ்தாஃப் டாலேனுக்கு. கலங்கரை விளக்கங்களிலும் கடல் மிதவைகளிலும் அசிட்டிலின் விளக்குகளைத் தானாக இயக்கும் ரெகுலேட்டர்களுக்காக அந்தப் பரிசு. அவருடைய சூரிய வால்வு 1907-இல் வந்தது. நடுவில் ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் பளபளப்பான தண்டுகள். பகல் வெளிச்சத்தில் கறுப்புத் தண்டு மட்டும் சூடாகி மயிரிழை அளவு நீளும். அந்த நீட்சி வாயுவை மூடிவிடும். இருட்டியதும் சுருங்கும், வாயு திறக்கும், விளக்கு எரியும். ஆளே இல்லாத பாறைத் தீவில் மாதக்கணக்கில் இப்படியே ஓடும். அதே 1912-இல் சோதனை ஒன்றில் அசிட்டிலின் வெடித்து அவருக்குக் கண் பார்வை போனது. அந்த வாயுவை அவரளவுக்கு அறிந்தவர் அப்போது சிலர்தான் இருந்திருப்பார்கள். 'நமக்கு முப்பது வருட அனுபவம்' என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் இந்தக் கதையை எடுத்துவிடுவேன்.

அசிட்டிலினின் குணம் அப்படி. ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைத் தாண்டினாலே, ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடியது. அதனால் சிலிண்டருக்குள் அசிட்டோனில் கரைத்து, பஞ்சு மாதிரித் துளைகள் உள்ள ஒரு நிரப்பியில் ஊறவைத்து அடைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கவைத்தால் அசிட்டோன் வெளியே வரும். ஆகவே எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, அசிட்டிலினுக்குச் செம்பு ஆகாது. இரண்டும் சேர்ந்து லேசான அடிக்கே வெடிக்கும் ஒரு சேர்மம் உண்டாகும். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில், அறுந்த சிவப்பு அசிட்டிலின் ஹோஸை ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாய்த் துண்டால் இணைத்து, இரண்டு பக்கமும் கட்டுக்கம்பி சுற்றியிருந்தார்கள். வேலை சுத்தமாக, அழகாகக்கூட இருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சிலிண்டரை மூடச் சொல்லி, ஹோஸை நானே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான் போகும் பல பட்டறைகளில், தீ டார்ச்சிலிருந்து பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டரும் இருப்பதில்லை. 'பிரஷர் குறையுது' என்று கழற்றி மேசை டிராயரில் போட்டிருப்பார்கள். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையைப் போட்டார். தீயின் சூட்டை வலை இழுத்துக்கொள்வதால் தீ வலையைத் தாண்டி வெளியே போகாது. அரெஸ்டருக்குள் இருக்கும் துளைத்துளையான உலோகத் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. டார்ச்சில் 'பட்' என்று ஒரு சத்தம் வந்து நின்றால் முனையில் ஏதோ அடைப்பு அல்லது சூடு. ஆனால் 'ஸ்ஸ்' என்று கீச்சுக் குரலில் உள்ளேயே எரியும் சத்தம் கேட்டால் தீ கைப்பிடிக்குள் போய்விட்டது. உடனே முதலில் ஆக்சிஜனை மூடுங்கள், அடுத்து கேஸை. அப்புறம் சிலிண்டர்களை. யோசிக்க நேரம் இருக்காது. கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

கைக்கருவிக்கு வருகிறேன். பைப் ரிஞ்ச் என்று நாம் சொல்வது 1869-இல் டேனியல் ஸ்டில்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. இழுக்க இழுக்கத் தாடை இறுகி, பல் குழாயைக் கடிக்கும். உருண்டைக் குழாய்க்கு அருமையான கருவி. மென்மையான பித்தளை நட்டில் போட்டால் நட்டைத் தின்றுவிடும். ஸ்க்ரூ ஸ்பேனரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜோஹான் பெட்டர் ஜோஹான்சன், 1890-களின் தொடக்கத்தில். அவரும் சுவீடன்காரர்தான். நட்டுக்கு ஒரு ஸ்பேனர் என்று மூட்டையாகச் சுமப்பதற்கு முடிவு கட்டினார். அதைப் பிடிக்கும் விதம் மட்டும் நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. பலம் அசையாத தாடையில் விழவேண்டும். அசையும் தாடை நீங்கள் இழுக்கும் பக்கம் இருக்கவேண்டும். தலைகீழாகப் போட்டால் தாடை விரிந்து வழுக்கும், விரல் முட்டி உடையும். கைப்பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகித் திருகுவது இன்னொரு கெட்ட பழக்கம். நீளம் இரண்டு மடங்கானால் நட்டின் மேல் விழும் முறுக்கும் இரண்டு மடங்கு. பித்தளை அதைத் தாங்காது.

ஏற்காட்டில் நடந்தது வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு பேக்கரிக்குப் போனேன். தீ மஞ்சளாக எரிகிறது, தட்டெல்லாம் கரி என்று புகார். அதற்கு முன் வந்த யாரோ ஊசியால் பர்னர் நாசிலின் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார். அங்கேதான் தப்பு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர். காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு காற்றில் ஆக்சிஜனும் அவ்வளவு குறைவு. தீ ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிறது, இதில் கேஸை இன்னும் கொட்டினால்? மலையில் ஓட்டையைச் சற்றுச் சிறிதாக்கி, காற்றுத் தடுப்பைத் திறந்துவிட வேண்டும். பழைய அளவுக்கும் ஒரு படி சின்ன நாசிலாக மாட்டியதும் தீ நீலமானது. அரிசி வேகத் தாமதமாவதற்குத் தீயைக் குறை சொல்லாதீர்கள். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மார்கழிக் குளிரில் அந்தப் பேக்கரிக்காரருக்கு இன்னொரு தொல்லை. சிலிண்டரின் வெளியே வியர்த்துச் சில்லென்று ஆகி, கேஸ் வருவது குறையும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்வதால் வருவது அது. அதற்கு அவர் சிலிண்டரைக் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைத்திருந்தார்! இரண்டு சிலிண்டரை இணைத்து ஒரே நேரத்தில் எடுத்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமை பாதியாகும். அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன்.

வீட்டு ரெகுலேட்டர் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சிலிண்டருக்குள் சேலத்து வெயிலில் இருக்கும் அழுத்தம், 50 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியின் அழுத்தத்துக்குச் சமம். அடுப்புக்கு ரெகுலேட்டர் தருவதோ ஒரு அடி தண்ணீர் அளவு. அதன் மேல் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். குகைப் பக்கம் ஒரு வீட்டில் தீ ஏறி இறங்கி ஆடுகிறது என்றார்கள். பார்த்தால் துளைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. தகடு மேலும் கீழும் போகக் காற்றுக்கு வழியில்லை. குத்தி எடுக்கலாமா என்று அந்த அம்மா ஹேர்பின்னோடு நின்றார். "வேண்டாங்கம்மா, உள்ளே தகடு கிழிஞ்சிடும்" என்றேன். வீட்டு ரெகுலேட்டர் பிரித்துப் பழுது பார்ப்பதற்கானது அல்ல. ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டியது. வாசம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையோடு தங்கும், மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் பொறிதான் மிச்சம்.

நேற்று செவ்வாய்ப்பேட்டைக்கு வேறு வேலையாகப் போனபோது அந்தப் பட்டறையில் எட்டிப் பார்த்தேன். பையன் ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர். நட்டை முதலில் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான். வெட்டு தட்டுப்பட்டதும் இடப்பக்கம் திருப்பி இறுக்க ஆரம்பித்தான்.