முதலுதவியைப் பிள்ளைகளின் கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

பள்ளியிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்படும் பிள்ளைகளில் ஒரு ரகம் உண்டு. தொடக்கத்தில் மூக்கில் கொஞ்சம் ரத்தம் வடிந்திருக்கும், அவ்வளவுதான். வந்து சேரும்போது சட்டையெல்லாம் ரத்த வாந்தி. பிள்ளையின் முகம் வெளுத்திருக்கும், கூட வந்த ஆசிரியருக்குக் கை நடுங்கும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "தலையைப் பின்னால சாய்ச்சுப் படுக்க வெச்சோம், டாக்டர்."

மறுபடியும் சொல்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். மூக்கின் பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி வயிற்றுக்குப் போகும். ரத்தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, குமட்டி வாந்தி வரும். வாந்தி எடுக்க முக்கும்போது, அடங்கப் பார்த்த ரத்தம் மூக்கில் மறுபடி பீறிடும். மல்லாக்கப் படுக்கவைத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறவும் கூடும். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவது மூக்கல்ல, அந்தச் சாய்ப்புதான்.

செய்ய வேண்டியது இது. பிள்ளையை உட்காரவைத்துச் சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கின் கீழ்ப்பாதியில் மெத்தென்று இருக்கும் பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சு வாயால். வாய்க்குள் வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். 10 நிமிடம் பிடி தளரக் கூடாது. கெடுவதெல்லாம் இரண்டு இடத்தில்தான். பலரும் மேலே எலும்பைப் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் ரத்தம் கசிவதோ இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பின் முன்பகுதியில். இன்னொன்று, நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை கையை எடுத்துப் பார்ப்பது. உறையத் தொடங்கிய ரத்தம் அதில் கலைந்துபோகும். நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம். அரை மணி நேரத்தைத் தாண்டினாலோ, தலையில் அடிபட்டு வந்த ரத்தம் என்றாலோ மருத்துவமனைதான்.

இதை ஏழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளும். வகுப்பில் எல்லாரையும் இரு புருவங்களுக்கு நடுவில் விரலை வைத்து மூக்கின் வழியே கீழே இறக்கச் சொல்லுங்கள். கெட்டியான எலும்பு முடிந்து, அழுத்தினால் அமுங்கும் இடம் விரலுக்கே தெரியும். அதற்குக் கீழேதான் பிடி. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 10 நிமிடம் பிடித்திருக்கட்டும். 10 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் உறைக்கும், ஆசிரியருக்கும் சேர்த்து.

"சின்னப் பிள்ளைகள், பயந்துவிடுவார்கள்" என்று தடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைதான் அதிகம் பயப்படும். மூச்சும் இதயமும் நின்றவரை மீட்கும் உயிர்மீட்புப் பயிற்சியை நார்வே 1961-லேயே பள்ளிப் பாடமாக்கியது. டென்மார்க் 2005-இல் கட்டாயமாக்கியது. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி தர வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவு தந்தது. ஆண்டுக்கு இரண்டே மணி நேரம்! அதற்குக்கூட நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

வயதுக்கு ஏற்றபடி கொடுங்கள். ஐந்து வயதில் பெரியவரைக் கூப்பிடவும், அவசர எண்ணை அழைத்துப் பெயரும் இடமும் சொல்லவும், எதிர்முனையில் இருப்பவர் சொல்லும் வரை போனை வைக்காமல் இருக்கவும் தெரிந்தால் போதும். எட்டு, ஒன்பது வயதில் ரத்தக் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது, மூச்சோடு மயங்கிக் கிடப்பவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம்.

வலிப்பு வந்த வகுப்புத் தோழனைப் பற்றியும் அந்த வயதிலேயே சொல்லிவிடுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை, திணித்த கரண்டிதான் பல்லை உடைக்கும். பெஞ்சை நகர்த்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை, மணியைப் பார். துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பு. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

இதயம் நின்றவரின் நெஞ்சை விடாமல் அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் நெஞ்சழுத்தத்தைப் பத்து வயதிலிருந்தே பழக்கலாம். போதிய ஆழம் அழுத்த உடல் எடையும் வேண்டும். ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள பிள்ளை பெரியவர்களைப் போலவே அழுத்தும். கைக்கு வர வேண்டிய அளவு இதுதான்: நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பிள்ளைகள் முழங்கையை மடக்கித் தோள் பலத்தால் அழுத்தப் பார்ப்பார்கள், சீக்கிரம் களைத்துவிடும். கையை நீட்டிப் பூட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து சாயச் சொல்லுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். விழுந்தவர் விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். படித்தவர்களே ஏமாறும் இடம் அது.

கெஞ்சிக் கேட்கிறேன், நெஞ்சழுத்தத்தை உயிருள்ள தோழன் மேல் பழகவிடாதீர்கள். புரையேறியவருக்கு வயிற்றைக் குத்தி அழுத்துவதும் அப்படித்தான், பொம்மை மேல் மட்டுமே. பொம்மை இல்லாவிட்டால் கெட்டியான தலையணை போதும். பக்கவாட்டில் திருப்புவதையும் மூக்குப் பிடியையும் மட்டும் ஒருவருக்கொருவர் செய்து பார்க்கலாம்.

அரங்கில் முந்நூறு பேரை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கையும் பொம்மையைத் தொட வேண்டும். தொட்ட கையும் சில மாதங்களில் மறக்கத் தொடங்கிவிடும். பருவத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம் திரும்பச் செய்யவையுங்கள்.

தலைமை ஆசிரியர்களே, முதலுதவிப் பெட்டியைப் பூட்டி வைக்காதீர்கள். எல்லா வகுப்புக்கும் எட்டும் இடத்தில், பிள்ளைகள் திறக்கக்கூடிய உயரத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை மூத்த வகுப்புப் பிள்ளைகள் இருவர் அதைத் திறந்து, கையுறையும் பஞ்சுத்துணியும் பேண்டேஜும் இருக்கின்றனவா, காலாவதித் தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்கட்டும்.