பகாசுரன், பூதாகாரம், பிரம்மாண்டம்: சொல் விளக்கம்

வட ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கும் நாட்களில், பகலில் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். அவற்றுக்கிடையே பகாசுரன் கதைக்கென ஒரு நாள் உண்டு. வீமன் வேடமிட்டவர் சோறும் குழம்பும் ஏற்றிய மாட்டுவண்டியில் அமர்ந்து, அசுரனுக்குரிய உணவைத் தாமே அள்ளி உண்டபடி தெருத்தெருவாக வருவார். ஏகசக்கர நகரத்தார் பகன் என்னும் அரக்கனுக்கு ஒரு வண்டிச் சோற்றையும் இரண்டு எருமைகளையும் ஓர் ஆளையும் முறைவைத்து அனுப்பிவந்தனர் என்பது பாரதக் கதை. அந்த வண்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் ‘பகாசுர நிறுவனம்’ என்ற தொடரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அளவில் பெரியதெல்லாம் பகாசுரம் ஆகாது. பிறர் உழைப்பையும் உணவையும் முறைவைத்து விழுங்குவதே பகாசுரம். ஆகவே, ஓர் அணைக்கட்டையோ கோபுரத்தையோ பகாசுரம் என்பது பிழை.

இச்சொல்லுக்கு நேரான தமிழ் தேடுவோர் மணிமேகலையை நினைக்க வேண்டும். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியை அக்காப்பியம் ‘யானைத்தீ’ என்கிறது. பன்னிரண்டு ஆண்டு அந்நோயால் வருந்திய காயசண்டிகைக்கு அமுதசுரபியின் சோறே தீர்வானது. ‘யானைத்தீப் பசி கொண்ட நிறுவனம்’ என்று எழுதிப் பார்த்தால், வண்டிச் சோற்றின் அளவும் அதை விழுங்கும் வெம்மையும் சேர்ந்து வருவதை உணரலாம். இத்தகைய சொல் வழக்கிழந்து கிடப்பது எனக்கு வருத்தமே.

‘சிக்கல் பூதாகரமாக வெடித்தது’ என்று செய்திகளில் நாள்தோறும் படிக்கிறோம். சரியான வடிவம் பூதாகாரம். பூதம், ஆகாரம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை அது. உருவத்தைக் குறிக்கும் சொல்லும் உணவைக் குறிக்கும் சொல்லும் வடமொழியில் வெவ்வேறு எழுத்துடையன. தமிழில் இரண்டும் ‘ஆகாரம்’ என்றே எழுதப்படுவதால் குழப்பம் நேர்கிறது. இங்கே பொருள் உருவம். நெடிலைக் குறுக்கி ‘ஆகரம்’ என்றால் சுரங்கம், இருப்பிடம் என்று பொருள் மாறிவிடும். கடலுக்கு ரத்னாகரம் என்று பெயர் வந்தது அப்படித்தான். எனவே பூதாகரம் என்று எழுதுவது பூதங்களின் சுரங்கம் என்று சொல்வதாகும். சிறியதாக இருந்தது கண்ணெதிரே அச்சமூட்டும் வகையில் வளர்வதே இச்சொல்லின் உயிர் என்பதால், ‘பேருருக் கொண்டது’ என்பது எல்லா இடத்திலும் பொருந்தும். விசுவரூபம் எடுத்தது என்பதற்கும் அதுவே போதும்.

பிரம்மாண்டம் என்பது பிரமனின் அண்டம், அதாவது முட்டை. அதிலிருந்து உலகத் தொகுதி முழுவதற்கும் பெயராயிற்று. பெயராயிருந்த சொல் நம்மிடம் அடைமொழியாகிவிட்டது. காட்பாடியைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால், உணவு சுவையாக இருந்தாலும் தெலுங்கில் ‘பிரம்மாண்டம்’ என்பார்கள். அங்கே அளவு மறைந்து பாராட்டு மட்டும் நிற்கிறது. மூலப் பொருளுக்குப் பேரண்டம் என்ற சொல் உண்டு. அண்டம் வடசொல்லேயானாலும் தமிழில் ஊறிவிட்டது. துணிக்கடைத் தள்ளுபடிக்கும் திரைப்பட அரங்க அமைப்புக்கும் ‘மாபெரும்’ போதும். அதிலும் மா, பெரும் என இரண்டு பெருமைச் சொற்கள் அடுக்கி நிற்கின்றன.

ஜாம்பவானைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இராமாயணக் கரடி வேந்தனின் பெயர் அது; கம்பர் சாம்பன் என்பார். வலிமையைவிட முதுமையும் பட்டறிவுமே அப்பெயரின் சிறப்பு. நேற்று ஆட வந்த இளம் வீரரை ஜாம்பவான் என்பது பொருந்தாது. முதுபெரும் கலைஞர், முதுபெரும் ஆட்டக்காரர் என்ற வழக்கு அவ்விடத்தைச் செம்மையாக நிரப்பும்.

தமிழின் சொந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். இங்கே பெருமை என்பது இன்று நாம் கொள்ளும் பெருமிதம் அன்று, அளவே. தடக்கை, தடந்தோள் என்பவற்றில் தட இன்றும் வாழ்கிறது. புறநானூறு ‘நளியிரு முந்நீர்’ என்று கடலைச் சொல்லும்போது அதன் பரப்பு கண்முன் விரிகிறது. நளி என்பதற்குச் செறிவு என்ற பொருளையும் தொல்காப்பியர் தருகிறார். தடவுக்கு வளைவு, கயவுக்கு மென்மை என்ற பொருள்களும் உண்டு. பெரிது என்பதற்குள்ளேயே இத்தனை நுட்பம் பார்த்த மொழி இது.

பாரதத்தின் இறுதி நாளில் படுகளம். ஊர்த் திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த நிலையில் வடித்து, வண்ணம் தீட்டிக் கிடத்துவார்கள். சிறுவனாக இருந்தபோது அதன் பாதத்திலிருந்து மகுடம் வரை நடந்து பார்த்தேன். முப்பது காலடிக்கு மேல் வந்தது. பக்கத்தில் நின்ற மூதாட்டி ‘எம்மாம் பெர்சு!’ என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் எவ்வளவு என்பதற்கு எம்மாம் என்பார்கள். தொடையில் வீமனின் அடி விழுந்து சிவப்புச் சாயம் வழிந்த பிறகு, அவர் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த மண்ணுருவுக்குப் பிரம்மாண்டம் பொருந்தாது, பூதாகாரமும் பொருந்தாது. பேருரு என்பதே அதற்குரிய சொல்.