என்டாங்கிள்மென்ட்: சிக்கலா, பின்னலா?

குவாண்டம் இயற்பியலில் வரும் இந்தச் சொல்லைத் தமிழில் 'குவாண்டம் சிக்கல்' என்று எழுதுவதுண்டு. படிக்கிறவருக்கு ஏதோ தீராத பிரச்சினை போலத் தோன்றும். சொல்லவந்த விஷயம் அதுவல்ல.

இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1935-இல் இதற்கு ஆங்கிலத்தில் 'என்டாங்கிள்மென்ட்' என்றும் ஜெர்மனில் 'ஃபெர்ஷ்ரேங்குங்' என்றும் பெயரிட்டார். ஆங்கிலச் சொல்லில் நூல் சிடுக்காகிக் கிடக்கிறது. ஜெர்மன் சொல்லிலோ ஓர் ஒழுங்கு இருக்கிறது: மார்பின் குறுக்கே கைகட்டி நிற்பதற்கும் அவர்கள் அதே வினையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஜெர்மன்தான்.

சரி, பொருள் என்ன? எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி (ஸ்பின்) என்றொரு பண்பு உண்டு; அளந்தால் 'மேல்' அல்லது 'கீழ்' என்றுதான் விடை வரும். இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எப்போதும் எதிரெதிராக இருக்கும்படி ஒரு கூட்டு நிலையை அமைக்கலாம். சோடியைப் பற்றித் தெரிய வேண்டியது அத்தனையும் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் தனியே எடுத்து 'மேலா, கீழா?' என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிரியும்போதே ஆளுக்கொரு விடையைப் பையில் போட்டுக்கொண்டு போயின என்றும் சமாளிக்க முடியாது. அதைக் காட்டிய ஃபோட்டான் (ஒளித்துகள்) சோதனைகளுக்குத்தான் 2022 இயற்பியல் நோபல் பரிசு.

இரண்டோடு நின்றால் பரவாயில்லை. பல துகள்கள் சேர்ந்த அமைப்புகளை ஆராய்பவருக்கு இதுவே தலைவலி. 300 தற்சுழற்சிகளின் நிலையை முழுதாக எழுத 2-இன் 300-ஆம் அடுக்கு எண்கள் வேண்டும். காணக்கூடிய பேரண்டத்தில் அத்தனை அணுக்கள் கிடையாது. நல்ல வேளையாக, பல பொருட்களின் தாழ்ந்த ஆற்றல் நிலையில் இந்தப் பிணைவு அக்கம்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பொருளை மனதுக்குள் இரண்டாக வெட்டினால், பிணைவின் அளவு பொருளின் கன அளவைப் பொறுத்து ஏறாமல் வெட்டுமுகத்தின் பரப்பைப் பொறுத்தே ஏறும். இயற்பியலாளர் ஸ்டீவன் வைட் 1992-இல் தந்த கணிப்பு முறை, துகள்கள் ஒரே வரிசையாக நிற்கும் ஒற்றைச் சங்கிலி அமைப்புகளில் அவ்வளவு நன்றாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'பிணைப்பு' வேதியியலாருக்குப் போய்விட்டது. 'பின்னல்' அழகான சொல்தான். ஆனால் எனியான் என்னும் துகள்கள் ஒன்றையொன்று சுற்றிவருவதை உண்மையிலேயே சடை பின்னுவதாகச் சொல்கிறார்கள், அதற்கு அது வேண்டும். ஆகவே என் தேர்வு 'பின்னிப்பிணைவு'. 'பின்னிப்பிணைந்த நிலை' என்று வாக்கியத்துக்குள்ளும் இடறாமல் உட்காருகிறது.