ஜாமீன் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து இல்லை

இந்த மாதத்தில் இது நாலாவது. காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் ஒரு பெரியவர், வங்கி நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். படகு இன்ஜினுக்காக மச்சினன் வாங்கிய கடன். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் போன பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

"சார், நான் சாட்சிதானே போட்டேன்? வாங்கினவனை விட்டுட்டு என்னை ஏன் புடிக்கிறாங்க?"

எத்தனை பேருக்குத்தான் சொல்வது! சாட்சி வேறு, ஜாமீன் வேறு. சாட்சி, கையெழுத்தைப் பார்த்தவர்; ஜாமீன், கடனுக்கே பொறுப்பேற்றவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. "முதல்ல அவன்கிட்ட கேளுங்க, கிடைக்கலைன்னா என்கிட்ட வாங்க" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. பிகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968லேயே இதை முடித்துவிட்டது. மச்சினனுக்கு மாடி வீடே இருந்தாலும், வங்கி உங்கள் கதவை முதலில் தட்டலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது.

தாள்களைப் புரட்டினேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட பதினோரு இடம்; பதினோரு கையெழுத்து. தொகைக்கான கட்டம் அன்றைக்குக் காலியாக இருந்ததாம். (சட்டம் ஜாமீன்தாரருக்குத் தரும் சில பாதுகாப்புகளையும் இந்த அச்சடித்த படிவத்திலேயே 'வேண்டாம்' என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தப் படிவத்தை வங்கிக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்காரர்கள்தான்.)

நீங்கள் கட்டினால், கட்டியதை மச்சினனிடம் வசூலிக்கப் பிரிவு 140, 145 இருக்கின்றன. சொன்னேன். "அவங்க தம்பி சார், வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

ஐயா, அம்மா, கேட்டுக்கொள்கிறேன்: காலிக் கட்டம் இருந்தால் பேனாவை மூடுங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் நகல் வாங்குங்கள், தவணை ஒழுங்காகப் போகிறதா என்று அவ்வப்போது கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தையும் அடமானமாகக் கொடுத்திருந்தால் இன்னும் உஷார். வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வழிவிடும் 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி நோட்டீஸ் வந்தால் கட்டுவதற்கு 60 நாள்தான். வரும்போது நோட்டீஸ் மட்டும் போதாது, அது வந்த கவரையும் கிழிக்காமல் கொண்டுவாருங்கள். என்றைக்கு வந்தது என்பதற்குத் தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.