அடிபட்ட ஆமை கைக்கு வந்தால்: சட்டம் என்ன சொல்கிறது?

நாய் குதறிய ஆமையோ, வண்டிச் சக்கரம் ஏறி ஓடு பிளந்த ஆமையோ கைக்கு வந்தால் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். இதை எப்படிப் பிழைக்க வைப்பது? இதை வீட்டில் வைத்திருந்தால் நம் மேல் வழக்கு வருமா? இரண்டாவது கேள்விக்குப் பயந்தே பலர் ஆமையைப் பக்கத்துக் குளத்தில் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். நட்சத்திர ஆமை நிலத்தில் வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். உண்மையில் சட்டம் உங்களுக்குச் சிக்கலாவது ஆமையைத் தூக்கியதால் அல்ல, தூக்கியதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வதால்தான்.

முதலில் அது நம் நாட்டு ஆமையா, வெளிநாட்டு ஆமையா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விதி வேறு. கருத்த ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர் போல விரிந்தால் அது நட்சத்திர ஆமை, நம் நாட்டது. கோடு எதுவும் இல்லாமல் மணல் நிறத்தில், போகப் போகப் பெருத்துக்கொண்டே போவது பெரும்பாலும் ஆப்பிரிக்க சல்காட்டா. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு மீன் தொட்டிகளில் நீந்துவது அமெரிக்காவிலிருந்து வந்த நீர் ஆமை. அடையாளம் பிடிபடவில்லையா? நம் நாட்டு ஆமை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். தவறினாலும் பாதுகாப்பான பக்கம் அதுதான்.

நம் நாட்டு ஆமை என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 2022-ல் இந்தச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு ஏறியது. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது. முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 'வேட்டை' என்று சட்டம் சொல்வதில் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாம் அடங்கும்.

இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேரை மாட்டிவிடுகிறது. திருத்தத்துக்கு முன்னால் நட்சத்திர ஆமை இருந்தது நான்காம் அட்டவணையில். இப்போதும் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு, ஆனால் அது வேறு. சைட்டீஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் வரும் உயிரினங்களின் பட்டியல் அது. அதில் உள்ளவற்றை முறையாகப் பதிவு செய்து வீட்டில் வைத்திருக்க வழி இருக்கிறது. பழைய தகவலில் 'நட்சத்திர ஆமை, நான்காம் அட்டவணை' என்று படித்துவிட்டு, புதிய விதியில் 'நான்காம் அட்டவணைக்குப் பதிவு போதும்' என்று படித்தால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். போடாதீர்கள். நட்சத்திர ஆமையை இணையத்தில் ஒரு படிவம் நிரப்பிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. விற்கிறவர் ஏதாவது 'சான்றிதழ்' நீட்டினாலும் அதே கதைதான்.

இனி, எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற கேள்வி. சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட அல்லது வைத்திருக்கப்பட்ட வன உயிரினம் மட்டுமல்ல, இறந்து கிடந்ததாகவோ தவறுதலாகக் கொல்லப்பட்டதாகவோ கண்டெடுக்கப்பட்டதும் அரசின் சொத்து. அது எந்த வழியில் ஒருவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அடிபட்ட ஆமைக்கும் இதே கெடுவை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 48 மணி நேரம் என்பது கடைசி வரம்பு. காயம்பட்ட ஆமைக்கு அவ்வளவு நேரம் கிடையாது, அதனால் தூக்கிய உடனே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போடுவதுதான் புத்திசாலித்தனம். கிடைத்த இடத்தில் ஒரு போட்டோ, கிடைத்த நேரம், யாரிடம் பேசினீர்கள் என்ற குறிப்பு, முடிந்தால் ஒரு குறுஞ்செய்தி. ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆள் வரும் வரை என்ன செய்வது? ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒட்டியவை. ரத்தம் ஓடும், வலி தெரியும். மேல் ஓட்டுக்கு நேர் கீழே நுரையீரல் இருக்கிறது. ஓடு பிளந்த ஆமையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்பது அதனால்தான்: பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் கொண்டு மண்ணையும் ரத்தத்தையும் மெதுவாகக் கழுவிவிட்டு, சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். உடைந்து விழுந்த ஓட்டுத் துண்டு இருந்தால் தூக்கிப் போடாமல் கூடவே கொடுத்தனுப்புங்கள், மருத்துவர் பொருத்திப் பார்ப்பார். பசையோ எம்-சீலோ போட்டு ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். ஏசி அறை கூடாது, வெயிலும் கூடாது. ஈ அண்டக் கூடாது; திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும்.

அந்தப் புழு விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் புழு வைத்த புண்ணுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஆமைக்கு விஷம். ஆமைகளைப் பார்த்துப் பழக்கமில்லாத மருத்துவர் கைப்பழக்கத்தில் எடுத்துவிடக்கூடும். கூட இருக்கும் நீங்கள் மரியாதையாக நினைவூட்டுவதில் தப்பே இல்லை. அப்புறம், அசையவில்லை என்பதற்காக இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆமையின் உடல் மிக மெதுவாக இயங்குவது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓடு கூடுவதற்கும் மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். 'குணமாகும் வரை நானே வைத்திருக்கிறேனே' என்று ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அப்படி வைத்திருக்க முடியாது. வாய்மொழியாக யாராவது 'சரி' என்றால் அது அனுமதி ஆகாது.

'தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது' என்பவர்களின் நிலை கொஞ்சம் சங்கடமானது. கையில் இருப்பதை அறிவித்துக்கொள்ள 2003-ல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது அறிவித்து உரிமைச் சான்று வாங்கியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், ஆமைக்கு அடிபட்ட இந்த நேரத்தில் மறைத்துச் சிகிச்சை தேடுவது நிலைமையை மோசமாக்கும். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வனத்துறையிடம் தாமாக ஒப்படைப்பதுதான் என் பார்வையில் இருப்பதில் நல்ல வழி.

வெளிநாட்டு ஆமைக்கு வருவோம். நில ஆமைக் குடும்பம் மொத்தமும் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது, ஆகவே சல்காட்டா வைத்திருப்பவர் புதிய நான்காம் அட்டவணைக்குள் வருகிறார். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அப்போதே வைத்திருந்தவர்கள் 6 மாதத்துக்குள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு 30 நாள். அந்த ஆமையை வேறொருவருக்குக் கொடுத்தாலும், அது குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது பதிவுச் சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொண்டால் வழியில் வீண் விளக்கம் மிச்சம். வளர்க்க முடியவில்லை என்று எந்த வெளிநாட்டு ஆமையையும் குளத்திலோ காட்டிலோ விடாதீர்கள்; சிவப்புப் பட்டை ஆமை உலகம் முழுக்க ஏரி குளங்களை ஆக்கிரமித்தது இப்படித்தான்.

பதிவோடு கடமை முடிந்துவிடவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கும் அது தேவையற்ற வலியைப் படாமல் இருக்கவும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தெரு நாய் நுழையும் முற்றத்தில் ஆமையை விட்டுவைப்பது இந்தக் கடமையில் தவறுவதுதான். அபராதத் தொகை இன்னும் 10 ரூபாய், 50 ரூபாய் என்று 1960-லேயே நிற்கிறது, அது வேறு விஷயம்.

நடைமுறையில் முதல் எதிரி வீட்டு நாய்தான். பல வருடம் பக்கத்தில் சாதுவாகப் படுத்திருந்த நாய் ஒரு நாள் ஓட்டை எலும்புத் துண்டு போல எடுத்துக் கடிக்கும். இரண்டையும் ஆள் இல்லாமல் சேர்த்து விடக் கூடாது. குஞ்சுகளைக் காக்கையும் பருந்தும் தூக்கும், ஆகவே மேலே வலை தேவை. இரவில் எலி வந்து கால்களைக் கடிக்கும், அதனால் பொழுது சாய்ந்ததும் இடுக்கில்லாத பெட்டியில் மூடிவிடுங்கள். சுற்றுச் சுவர் கம்பி வலையாக இல்லாமல் மறைப்பாக இருப்பது நல்லது. வெளியே தெரிந்தால் ஆமை அந்தப் பக்கமே முட்டிக்கொண்டிருக்கும். அடியில் தோண்டி நுழையாதபடி வலையை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும்.

ஆமையைக் காப்பாற்றுவதற்காக உடும்புக்கோ கீரிக்கோ பொறி வைக்க நினைத்தால் நிறுத்துங்கள். உடும்பு நட்சத்திர ஆமை இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது, கீரியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு; பொறி வைப்பதே வேட்டைக் கணக்கில் வரும். எலிக்கு அப்படி இல்லை, பொறி வைக்கலாம். ஆனால் விஷ உருண்டையை ஆமைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்: எலியை விட ஆமை முந்திக்கொண்டு தின்றுவிடும்.