ஃப்ரம் எரர் அடிக்குது, டூ மட்டும் எப்படி சாரே ஓடுது?

நம்ம கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டியூஷனுக்கு கேரளா சிலபஸ் பசங்களும் வருவாங்க, பார்டர் தாண்டி பொள்ளாச்சி சைடுல இருந்து தமிழ்நாடு சிலபஸ் பசங்களும் வருவாங்க. ரெண்டு பக்கமும் ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ்தான், கீவேர்ட்னா என்னன்னு கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிச்சிருவாங்க. ஆனா பைத்தான்ங்கிற இன்னொரு ப்ரோகிராமிங் மொழியில சொந்தமா நாலு வரி எழுதச் சொன்னா அங்கதான் மாட்டுறாங்க.

பஸ் டிக்கெட் கணக்கு போடச் சொன்னா ஏறுற இடத்துக்கு ஃப்ரம், இறங்குற இடத்துக்கு டூன்னு வேரியபிள் வைப்பாங்க, இயல்பாவே வர்ற பேருதானே. டூ ஓடும், ஃப்ரம் எரர் அடிக்கும். ஃப்ரம் பைத்தான் தனக்குன்னு எடுத்து வச்சிருக்கிற வார்த்தை (கீவேர்ட்னாலும் ரிசர்வ்ட் வேர்ட்னாலும் இதுதான்), வேற ஃபைல்ல இருக்கிறதை உள்ள கொண்டு வர்ற இம்போர்ட் கூட வர்றது, டூ அப்படி இல்ல. இதுல கொடுமை என்னன்னா, எரர்ல "இது ரிசர்வ்ட் வேர்ட்"னு ஒரு வார்த்தை இருக்காது, வெறும் இன்வேலிட் சின்டாக்ஸ்தான், அம்புக்குறியும் ஃப்ரம்மை விட்டுட்டு பக்கத்துல இருக்கிற ஈக்வல் குறியைக் காட்டும், புள்ளைங்க ஈக்வலை அழிச்சு அழிச்சு திரும்ப அடிச்சிட்டு இருக்கும். பிசிக்ஸ் படிக்கிறவங்க அலைநீளத்துக்கு லாம்டான்னு வச்சு மாட்டுறதும் இதே கதைதான். பேரை மாத்த மனசில்லையா, கடைசியில ஒரு அண்டர்ஸ்கோர் போடுங்க கண்ணு, பைத்தானை எப்படி எழுதணும்னு சொல்ற வழிகாட்டி பெப் 8லயே அந்த வழி இருக்கு.

இப்போதைக்கு பைத்தான் 3ல இந்த மாதிரி 35 வார்த்தை இருக்கு. மனப்பாடம் பண்ணவே வேண்டாம்னுதான் நான் சொல்வேன் (பரீட்சைக்கு உங்க இஷ்டம்), ஏன்னா தப்பா வச்சா அங்கயே நின்னு கத்திரும், ஒரு வரி கூட ஓடாது.

நிஜமா பயப்பட வேண்டியது கத்தாத வார்த்தைங்களுக்குத்தான். சம், லிஸ்ட், மேக்ஸ், இன்புட் இதெல்லாம் ரிசர்வ்ட் கிடையாது, பைத்தான் கூடவே வர்ற ரெடிமேட் ஃபங்ஷன், அந்தப் பேர்ல நீங்க வேரியபிள் வச்சா பேசாம விட்டுரும். மார்க் கூட்ட சம் ஈக்வல் ஜீரோன்னு ஆரம்பிப்பீங்க, லூப் ஓடும், டோட்டலும் கரெக்டா வரும், கீழ எங்கயோ போய் இன்னொரு லிஸ்ட்டைக் கூட்ட சம் ஃபங்ஷனைக் கூப்பிட்டா இன்ட் ஆப்ஜெக்ட் நாட் காலபிள்னு வந்து நிக்கும், அதாவது சம் இப்ப வெறும் நம்பர், ஃபங்ஷனா கூப்பிட முடியாது. தப்பு மேல, எரர் கீழ, அந்தக் கீழ் வரியை எத்தனை தடவை பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு வரியா அடிச்சு உடனே ஓட்டிப் பாக்குற ஷெல்லுல பண்ணியிருந்தா டெல் சம்னு அடிச்சாலே பழைய ஃபங்ஷன் திரும்பி வந்துரும். ஃபைலுக்கு ரேண்டம்னு பேர் வச்சு உள்ள பைத்தானோட ரேண்டமை இம்போர்ட் பண்றதும் இந்த வகைதான், பைத்தான் உங்க ஃபைலையே எடுத்துக்கும்.

பைத்தான் கூடவே வர்ற எடிட்டர் ஐடில்ல எழுதுறவங்களுக்கு ஒரு சுலப வழி இருக்கு. கலரை மாத்தாம வச்சிருந்தீங்கன்னா ரிசர்வ்ட் வார்த்தை ஆரஞ்சுல வரும், ரெடிமேட் ஃபங்ஷன் ஊதாவுல வரும். வேரியபிள் பேர் அடிச்சதும் கறுப்பா நிக்கலைன்னா வேற பேர் வைங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்குத் திரும்பும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும், பைத்தான்ல தாராளமா வச்ச நியூ, டெலீட், டபுள் எல்லாம் அங்க ரிசர்வ்ட், இங்க ரிசர்வ்டான லாம்டா அங்க ஃப்ரீ.

இந்த ரிசர்வ்ட் வார்த்தைங்க லிஸ்ட் கூட எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. 2018ல பைத்தான் 3.7 வந்தப்போ அசின்க், அவெயிட் ரெண்டையும் ரிசர்வ் பண்ணாங்க, செலரிங்கிற பெரிய லைப்ரரிலயே ஒரு மாடியூலுக்கு அசின்க்னு பேர் இருந்ததால அது உடைஞ்சு பேரை மாத்த வேண்டியதாச்சு. பிரிண்ட் இதுக்கு நேர் எதிர், பைத்தான் 2ல ரிசர்வ்ட், 3ல சாதாரண ஃபங்ஷன். அதனால யூடியூப்ல பழைய வீடியோ பாத்து பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லாம அடிச்சு எரர் வாங்கினா உங்க கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க, அந்த வீடியோ எந்த வெர்ஷன்னு பாருங்க.